சட்டம் எழுதாத திருநாட்கள்: மெக்சிகோவின் ஓராண்டு

மெக்சிகோவில் பெரிய வெள்ளி அரசு விடுமுறை அல்ல. 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் 77.7 விழுக்காட்டினர் தங்களைக் கத்தோலிக்கர் என்று சொல்லிக்கொண்ட நாடு அது. இறந்தோரை நினைக்கும் நவம்பர் 2-ஐ உலகமே மெக்சிகோவின் முகமாகப் பார்க்கிறது. அதுவும் விடுமுறை அல்ல. டிசம்பர் 12, குவாதலூப்பே அன்னையின் திருநாள். அன்று தலைநகரின் வடக்கே தெப்பெயாக் குன்றின் அடிவாரத்தில் சேரும் கூட்டம் உலகின் மிகப் பெரிய கத்தோலிக்க யாத்திரைகளில் ஒன்று. சட்டப் புத்தகத்தில் அந்த நாளும் சாதாரண வேலை நாள்தான்.

கட்டாய ஓய்வு நாட்கள் எவை என்பதைக் கூட்டாட்சித் தொழிலாளர் சட்டத்தின் 74-ஆவது பிரிவு வரையறுக்கிறது. ஜனவரி 1, அரசியலமைப்பு நாளுக்காக பிப்ரவரி முதல் திங்கள், பெனித்தோ ஹுவாரஸின் பிறந்தநாளுக்காக மார்ச் மூன்றாம் திங்கள், மே 1, விடுதலை நாளான செப்டம்பர் 16, 1910 புரட்சிக்காக நவம்பர் மூன்றாம் திங்கள், டிசம்பர் 25. மொத்தம் 7 நாட்கள். ஆறு ஆண்டுக்கு ஒருமுறை புதிய அதிபர் பொறுப்பேற்கும் அக்டோபர் 1-உம், தேர்தல் சட்டங்கள் குறிக்கும் வாக்குப்பதிவு நாளும் இவற்றோடு சேரும். இந்த நாட்களில் ஆளை வேலைக்கு வைத்தால் வழக்கமான கூலிக்கு மேல் இன்னும் இரு மடங்கு தர வேண்டும். பட்டியலில் மத வாசனை உள்ள ஒரே நாள் கிறிஸ்துமஸ். அதைக்கூடச் சட்டம் வெறும் தேதியாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. யாருடைய பிறப்பு என்ற பேச்சே அங்கு இல்லை.

இந்த மௌனம் திட்டமிட்டு வந்தது. அதற்குப் பின்னால் ஒன்றரை நூற்றாண்டுப் போராட்டம் இருக்கிறது. மெக்சிகோவின் திருவிழாக்களைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வண்ணத்தாளையும் மண்டையோட்டு மிட்டாயையும் காட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். அந்த வண்ணங்களுக்கு அடியில் இருக்கும் இழுபறியைப் பார்க்காவிட்டால், ஒரு மெக்சிகோக்காரர் விடுப்பு எழுதிக் கொடுத்தாவது, ஒரு நாள் கூலியை இழந்தாவது டிசம்பர் 12-க்குக் கிளம்புவது ஏன் என்று விளங்காது.

ஸ்பானிய ஆட்சிக்காலம் முழுவதும் ஆண்டின் நடையைத் தீர்மானித்தது திருச்சபை. எந்த நாளில் கடை திறப்பது, எந்த நாளில் இறைச்சி உண்ணக்கூடாது, எந்த நாளில் நீதிமன்றம் மூடுவது எல்லாமே புனிதர்களின் நாட்காட்டிப்படி நடந்தன. 1821-இல் நாடு விடுதலை பெற்ற பிறகும் அது மாறவில்லை. மாற்றம் வந்தது 1850-களின் இறுதியில், தாராளவாதிகளுக்கும் பழமைவாதிகளுக்கும் நடந்த உள்நாட்டுப் போரின் நடுவில். தலைநகரைப் பழமைவாதிகளிடம் விட்டுவிட்டு வெராக்ரூஸ் துறைமுகத்திலிருந்து ஆட்சி நடத்திய தாராளவாத அதிபர் ஹுவாரஸ் 1859-இல் அடுத்தடுத்துச் சட்டங்களை இயற்றினார். திருச்சபைச் சொத்துகள் நாட்டுடைமையாயின; திருமணம் அரசுப் பதிவுக்கு வந்தது; கல்லறைகள் குருக்களின் கட்டுப்பாட்டிலிருந்து விலகின. அந்த ஆண்டு ஆகஸ்ட் 11-ஆம் நாள் ஆணை விடுமுறைகளைப் பற்றியது. ஞாயிறு, புத்தாண்டு, பெரிய வியாழன், பெரிய வெள்ளி, நற்கருணைப் பெருவிழா, செப்டம்பர் 16, நவம்பர் 1, 2, டிசம்பர் 12, 24 ஆகியவற்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற திருநாட்களையெல்லாம் அது நீக்கியது. அரசு அதிகாரிகள் பதவி முறையில் கோயில் சடங்குகளுக்குப் போகக்கூடாது என்றும் அதே ஆணை தடுத்தது.

அந்தப் பட்டியலில் டிசம்பர் 12 இருப்பதைக் கவனியுங்கள். திருச்சபையின் சொத்தைப் பறித்த மனிதர் குவாதலூப்பே அன்னையின் நாளைத் தொடவில்லை. சபோதெக் பழங்குடிக் குடும்பத்தில், வஹாக்கா மலைகளில் உள்ள கெலத்தாவோ என்ற சிற்றூரில் பிறந்தவர் அவர். எந்த நாளில் கை வைத்தால் நாடு தாங்காது என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றே நினைக்கிறேன். அவருக்குப் பின் வந்தவர்களுக்கு அந்தத் தயக்கம் இல்லை. 1874 டிசம்பரில் வந்த சட்டம், முற்றிலும் குடிமை சார்ந்த நிகழ்வுகளைக் கொண்டாடாத விடுமுறைகள் அனைத்தும் முடிவுக்கு வந்தன என்று அறிவித்தது. இன்றைய பட்டியலின் வேர் அங்கே இருக்கிறது.

1917 அரசியலமைப்பு இதை இன்னும் இறுக்கியது. திருச்சபைகளுக்குச் சட்ட ஆளுமையே இல்லை, குருக்களுக்கு வாக்குரிமை இல்லை, வழிபாடு கோயிலுக்குள் மட்டும் என்றெல்லாம் விதித்தது. எழுத்தில் தூங்கிக்கொண்டிருந்த இந்த விதிகளை 1926-இல் அதிபர் புளுதார்கோ எலியாஸ் கயேஸ் தண்டனைகளோடு நடைமுறைப்படுத்தக் கிளம்பினார். பதிலுக்கு ஆயர்கள் அந்த ஆண்டு ஜூலை 31 முதல் நாடெங்கும் பொது வழிபாட்டை நிறுத்தினார்கள். ஹலிஸ்கோ, மிச்சோவகான், குவானஹுவாத்தோ, கொலீமா பகுதிகளில் விவசாயிகள் ஆயுதம் எடுத்தார்கள். கிறிஸ்தேரோ போர் என்று பெயர் பெற்ற அந்தச் சண்டை பல பத்தாயிரம் உயிர்களைக் குடித்து, 1929 ஜூன் உடன்பாட்டோடு அடங்கியது.

அந்த மூன்றாண்டுகளில் பீடத்தில் குரு இல்லை. ஆனாலும் வீடுகளில் செபமாலை நின்றுபோகவில்லை. மெக்சிகோவின் விழாக்களைப் புரிந்துகொள்ள இது ஒரு திறவுகோல். திருப்பலி குருவினுடையது, ஆனால் விழா ஊருடையது. சப்பரம் தூக்குகிறவர், வாணவேடிக்கைக்குப் பணம் திரட்டுகிறவர், மோலே குழம்புக்கு மிளகாய் வறுக்கிறவர் யாரும் ஆயரிடம் அனுமதி கேட்டதில்லை, அதிபரிடமும் கேட்டதில்லை. 1992-இல் அரசியலமைப்பு திருத்தப்பட்டுத் திருச்சபைகள் சட்டப்படி ஏற்கப்பட்டன, அதே ஆண்டு வத்திக்கானோடு தூதரக உறவும் திரும்பியது. விடுமுறைப் பட்டியலில் மட்டும் ஒரு நாளும் கூடவில்லை.

நடைமுறையில் என்ன நடக்கிறது? பெரிய வியாழன், பெரிய வெள்ளி, நவம்பர் 2, டிசம்பர் 12 ஆகிய நாட்களில் வங்கிகள் மூடியிருக்கும். வங்கி ஒழுங்காணையம் ஆண்டுதோறும் அப்படி அறிவிக்கிறது. பள்ளிகளுக்குப் புனித வாரமும் அதற்கடுத்த வாரமும் விடுமுறை. பல ஆலைகளில் தொழிற்சங்க ஒப்பந்தப்படி டிசம்பர் 12 கிடைக்கும். ஆனால் நாட்டின் தொழிலாளர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் முறைசாரா வேலையில் இருப்பவர்கள். தெருவில் தாக்கோ விற்பவருக்கும் வீட்டு வேலை செய்யும் பெண்ணுக்கும் 74-ஆவது பிரிவு பெரும்பாலும் காகிதம்தான். 2022 வரை முறையான வேலையில் சேர்ந்த ஒருவருக்கே முதல் ஆண்டு முடிந்தபின் கிடைத்த ஊதிய விடுப்பு 6 நாட்கள். 2023 தொடக்கத்தில்தான் அது 12 ஆனது. இவ்வளவு குறைவாக ஓய்வு கொடுத்த நாட்டில், புனிதரின் நாள் என்று சொல்லி வேலையை நிறுத்துவது பக்தியோடு கூடிய ஒரு உரிமைக்குரலும்கூட.

அரசு விடுமுறைகளில் மூன்று திங்கட்கிழமைக்கு மாறியது 2006-இல். நீண்ட வார இறுதியை அங்கே ‘புவெந்தே’ என்பார்கள். சுற்றுலா வளர வேண்டும் என்பதற்காகச் செய்த மாற்றம் அது. 2020 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அதிபர் லோப்பஸ் ஒப்ரதோர், பிள்ளைகளுக்கு எந்த நாள் எதற்காக என்றே மறந்துபோகிறது, நாட்களைப் பழைய தேதிகளுக்கே திருப்ப வேண்டும் என்றார். சுற்றுலாத் துறையினர் பதறினார்கள், மாற்றம் வரவில்லை. நவம்பர் நீள்வாரத்தை 2011 முதல் நாடு தழுவிய தள்ளுபடி விற்பனை பிடித்துக்கொண்டது. புரட்சித் தலைவர் மதேரோ மக்களை ஆயுதம் ஏந்த அழைத்த நாள் 1910 நவம்பர் 20; இன்று அந்த வாரத்தில் தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்கின்றன. லோப்பஸ் ஒப்ரதோர் சொன்னதில் எனக்கு முழு உடன்பாடு. தேதியைப் பிரித்துவிட்டால் நினைவு பிடிமானம் இழக்கிறது. மக்கள் தங்கள் திருநாட்களை ஒருபோதும் திங்கட்கிழமைக்குத் தள்ளாததே அதற்குச் சான்று.

அரசு நாட்களிலேயே உயிரோடு இருப்பது எது என்றால் செப்டம்பர் 15 இரவு. இரவு 11 மணியளவில் அதிபர் தேசிய மாளிகையின் நடு மாடத்துக்கு வந்து, விடுதலை வீரர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகக் கூவுவார். கீழே சதுக்கத்தில் நிற்கும் மக்கள் ஒவ்வொரு பெயருக்கும் ‘விவா’ என்று முழங்குவார்கள். கத்தோலிக்க வீட்டில் வளர்ந்த யாருக்கும் இது மன்றாட்டு மாலையின் வடிவம் என்பது உடனே தெரியும். பிறகு அதிபர் கயிற்றை இழுத்து மணியடிப்பார். அந்த மணி, 1810 செப்டம்பர் 16 விடியலில் தொலோரெஸ் என்ற ஊரின் பங்குக் குரு மிகேல் இதால்கோ மக்களைத் திரட்டிய கோயிலின் மணி. அப்போதைய அதிபர் போர்ஃபிரியோ தியாஸ் அதை 1896-இல் தலைநகருக்குக் கொண்டுவந்து மாளிகையில் மாட்டினார். இதால்கோ அன்று சொன்ன சொற்களை யாரும் அப்போதே எழுதிவைக்கவில்லை. ஆகவே ஒவ்வொரு அதிபரும் பெயர்களைச் சேர்க்கவும் விடவும் முடிகிறது. 2025-இல் முதல்முறையாக ஒரு பெண், அதிபர் கிளவுதியா ஷெயின்பாம், அந்த மாடத்தில் நின்று மணியடித்தார். எழுச்சியைத் தொடங்கிய இதால்கோ, அதோதொனில்கோ கோயிலில் குவாதலூப்பே அன்னையின் படத்தை எடுத்துப் படைக்குக் கொடியாக்கினார். மதம் நீங்கிய குடியரசின் முதன்மைச் சடங்கின் வேர் ஒரு குருவிடமும் ஒரு மாதா படத்திலும் இருக்கிறது. இதை முரண்பாடாகப் பார்க்க வேண்டியதில்லை. சடங்கு இல்லாமல் நாடு என்ற உணர்வைக் கட்ட முடியாது என்று குடியரசை அமைத்தவர்கள் அறிந்திருந்தார்கள். கையில் இருந்த ஒரே சடங்கு மொழி கத்தோலிக்கம்.

செப்டம்பரில் இன்னொரு நாள் தானாக நாட்காட்டிக்குள் வந்தது. 1985 செப்டம்பர் 19 காலை 7:19-க்கு வந்த நிலநடுக்கம் தலைநகரில் ஆயிரக்கணக்கானோரைக் கொன்றது. நினைவாக ஆண்டுதோறும் அதே நாளில் கொடியை அரைக்கம்பத்தில் பறக்கவிட்டு, நாடு முழுக்கப் பாதுகாப்புப் பயிற்சி நடத்துகிறார்கள். 2017-இல் பயிற்சி முடிந்த இரண்டு மணி நேரத்தில் உண்மையான நிலநடுக்கம் வந்து நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். 2022-இல் மறுபடியும் அதே தேதி, மறுபடியும் பயிற்சிக்குப் பின். புவியியலாளர்கள் தற்செயல் என்று விளக்குகிறார்கள்; அது சரியான விளக்கம்தான். ஆனால் அன்று தலைநகரில் எத்தனை பேர் மனத்துக்குள் செபித்தபடி அலாரத்துக்குக் காது கொடுக்கிறார்கள் என்பதை எந்த அரசு அறிவிப்பும் சொல்லாது. அக்டோபர் 2-உம் இப்படிப்பட்ட துக்க நாள்: 1968-இல் ட்லாட்டெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களை அரசுப் படைகள் சுட்டுக் கொன்ற நாள். பல பத்தாண்டுகள் மாணவர் ஊர்வலங்கள் மட்டுமே அதை நினைவில் வைத்திருந்தன. 2011-இல்தான் அது தேசியத் துக்க நாளாகச் சட்டத்தில் ஏறியது.

தவக்காலத்துக்கு வருவோம். குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய வெள்ளியன்று வியாகுல அன்னைக்கு வீடுகளிலும் கோயில்களிலும் பீடம் அமைப்பார்கள். இருட்டில் வைத்து முளைக்கவிட்ட கோதுமை நாற்று, நம் முளைப்பாரி போல வெளிறிய மஞ்சளில், தொட்டி தொட்டியாக அடுக்கியிருக்கும். நடுவே பொன்தாள் கொடி குத்திய கசப்பு ஆரஞ்சுகள். பார்க்க வருகிறவர்களுக்கு அன்னையின் கண்ணீர் என்று சொல்லிப் பழப் பானம் தருவார்கள். இந்த வழக்கம் குறைந்துகொண்டு வருவது வருத்தமானது. புனித வாரத்தில் கடற்கரைக்குப் போகும் நெரிசல் செய்திதான் இன்று முதல் பக்கத்தில் வருகிறது.

ஆனால் இஸ்தபலாபா குறையவில்லை. மெக்சிகோ நகரின் கிழக்கே உள்ள அந்த நெருக்கமான பகுதியில் 1833-இல் காலரா பரவிக் குடும்பம் குடும்பமாக மடிந்தார்கள். பிழைத்தவர்கள் தங்கள் ஊரின் குகை ஆண்டவரிடம் நேர்ந்துகொண்டார்கள். 1843 முதல் கிறிஸ்துவின் பாடுகளை நடித்துக் காட்டுகிறார்கள். எட்டு பழைய பேட்டைகளின் மக்கள்தான் நடிகர்கள். கிறிஸ்துவாக நடிக்கும் இளைஞன் அந்த மண்ணில் பிறந்தவனாக இருக்க வேண்டும். மாதக்கணக்கில் உடற்பயிற்சி செய்து, 90 கிலோவுக்குக் குறையாத சிலுவையைத் தூக்கிக்கொண்டு நட்சத்திரக் குன்றின் மேலே ஏறுவான். பின்னால் ஊதா அங்கி அணிந்த ஆயிரக்கணக்கான ஆண்கள் வெறுங்காலோடு தங்கள் சொந்தச் சிலுவைகளைச் சுமந்து வருவார்கள். அவர்கள் நடிகர்கள் அல்ல. நோய் தீர்ந்ததற்கும் குடி விட்டதற்கும் நேர்ச்சை செலுத்துகிறவர்கள்.

ஸ்பானியர் வருவதற்கு முன் அதே குன்றின் உச்சியில் அஸ்தெக் மக்கள் 52 ஆண்டுக்கு ஒருமுறை புதுத் தீ மூட்டும் சடங்கை நடத்தினார்கள். எங்கும் நெருப்பை அணைத்துவிட்டு, காலம் இன்னொரு சுற்று தொடருமா என்று காத்திருந்த இரவு அது. கடைசியாக 1507-இல் நடந்தது. இந்தக் குன்றைத் தேர்ந்ததில் அந்த நினைவு இருந்ததா என்று நிறுவ முடியாது. ஆனால் வாரம் முழுதும் பல லட்சம் பேர் கூடும் இந்த நிகழ்வுக்கு வழி அமைப்பதும், காவலர்களையும் மருத்துவ வண்டிகளையும் அனுப்புவதும் யார் தெரியுமா? மதத்தோடு தொடர்பே இல்லாத நகர அரசு. விடுமுறை தர மறுத்த அரசு, அந்த நாளில் மிக அதிகமாக உழைக்கிறது.

மே மாதம் கொஞ்சம் விநோதமானது. மே 1 தொழிலாளர் நாள், அரசு விடுமுறை. இரண்டே நாள் கழித்து வரும் மே 3 திருச்சிலுவை நாளைத்தான் கட்டடத் தொழிலாளர்கள் தங்கள் நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாதி எழும்பிய கட்டடத்தின் உச்சியில் தாள்பூ சுற்றிய மரச்சிலுவை ஏறும். வீட்டுக்காரரோ ஒப்பந்தக்காரரோ கொத்தனார்களுக்கும் சித்தாள்களுக்கும் இறைச்சியும் பீரும் வாங்கித் தர வேண்டும். தராத முதலாளியைப் பற்றி ஆண்டு முழுவதும் பேச்சு நடக்கும். ரோம் 1960-இல் இந்தத் திருநாளைப் பொது நாட்காட்டியிலிருந்து எடுத்துவிட்டது. மெக்சிகோவிலோ அதை வைத்துக்கொள்ள நேர்ந்தது. கொத்தனார்கள் விட்டுக்கொடுக்கிற வழியாக இல்லை. அரசு எடுத்த நாளைப் போலவே திருச்சபை எடுத்த நாளையும் மக்கள் திரும்ப வாங்கிக்கொண்டார்கள்.

மே 5-ஐ அமெரிக்காவில் மெக்சிகோவின் விடுதலை நாள் என்று நினைப்பவர்கள் ஏராளம். அது 1862-இல் புவெப்லா நகரில் தளபதி சரகோசாவின் படை பிரெஞ்சுப் படையை முறியடித்த நாள். புவெப்லாவுக்கு வெளியே பள்ளி விடுமுறைக்கு மேல் பெரிதாக ஒன்றும் இல்லை. மே 10 அன்னையர் நாள் வேறு கதை. 1922-இல் எக்செல்சியோர் நாளிதழ் தொடங்கிவைத்தது. திருச்சபையும் கல்வி அமைச்சகமும் ஒருங்கே ஆதரித்தன. அந்தச் சமயத்தில் யுகதான் மாநிலத்தில் பெண்ணியவாதிகள் கருத்தடை பற்றிய துண்டறிக்கைகளைப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கு எதிர்வினையாகவே தாய்மையைப் போற்றும் நாள் பிறந்தது. இன்று அந்தப் பின்னணி பெரும்பாலோருக்குத் தெரியாது. மே 10 எந்தக் கிழமையில் வந்தாலும் பிற்பகலுக்கு மேல் அலுவலகங்களில் ஆள் இருக்காது.

நவம்பர் 2 பற்றி உலகம் அறிந்ததை நான் திரும்பச் சொல்லப் போவதில்லை. செம்பசூச்சில் என்ற சாமந்திப் பூவின் இதழ்ப் பாதை, சாம்பிராணி போன்ற கோப்பால் புகை, எலும்பு வடிவம் பதித்த ரொட்டி, இறந்தவருக்குப் பிடித்த உணவு, நவம்பர் 1 குழந்தைகளுக்கு, 2 பெரியவர்களுக்கு. பேச வேண்டியது அதன் வயதைப் பற்றி. இது அஸ்தெக் காலத்திலிருந்து அறுபடாமல் வருகிறது என்று சுற்றுலா ஏடுகள் எழுதுகின்றன. அஸ்தெக்கர் உள்ளிட்ட நஹுவா மக்கள் இறந்தோருக்கு விழா எடுத்தது உண்மை. ஆனால் அவை ஆண்டின் வேறு பருவத்தில், ஏறத்தாழ ஆகஸ்டில் வந்தன. நவம்பர் 1, 2 என்ற தேதிகள் ஐரோப்பியத் திருச்சபையினுடையவை. வரலாற்றாசிரியர் எல்சா மல்விதோ இன்னும் ஒரு படி மேலே போனார். இனிப்பு எலும்புகளும் ரொட்டியும் இடைக்கால ஸ்பெயினின் கத்தோலிக்க வழக்கங்கள். 1930-களில் அதிபர் கார்தெனாஸின் ஆட்சிக்கால அறிவாளிகள்தாம் இதற்குப் பழங்குடி முகம் கொடுத்தார்கள் என்றார்.

அவர் சொன்னதில் பாதியையாவது ஏற்க வேண்டும் என்பது என் எண்ணம். புரட்சிக்குப் பிந்தைய அரசுக்குத் திருச்சபை சாராத ஒரு தேசிய ஆன்மா தேவைப்பட்டது. இறந்தோர் நாள் அதற்குக் கச்சிதமாகப் பொருந்தியது. அச்சுச் சித்திரக் கலைஞர் பொசாதா 1910 வாக்கில் செதுக்கிய தொப்பி அணிந்த எலும்புச் சீமாட்டியை ஓவியர் தியேகோ ரிவேரா 1947-இல் சுவரோவியத்தில் முழு உருவமாக்கினார். 2008-இல் யுனெஸ்கோ பட்டியலில் இவ்விழா ஏறியது. தலைநகரின் மாபெரும் ஊர்வலம் 2016-இல்தான் தொடங்கியது. அதற்கு முந்தைய ஆண்டு வந்த ஒரு ஜேம்ஸ் பாண்ட் படத்தின் கற்பனைக் காட்சியே தூண்டுதல். ஆனால் கம்பேச்சே மாநிலத்தின் போமுச் ஊருக்குப் போனால் கதை வேறு. அங்கே மாயா குடும்பங்கள் தங்கள் முன்னோரின் எலும்புகளைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒவ்வொன்றாகத் துடைத்து, புதிதாக எம்பிராய்டரி செய்த துணி விரித்துத் திரும்ப வைக்கிறார்கள். அதற்கு எந்த அமைச்சகத்தின் ஊக்கமும் தேவைப்பட்டதில்லை.

டிசம்பர் 11 நள்ளிரவில் தெப்பெயாக்கில் பிறந்தநாள் பாட்டான ‘மன்யனித்தாஸ்’ தொடங்கும். 1531-இல் ஹுவான் தியேகோ என்ற பழங்குடி மனிதருக்கு அன்னை காட்சி தந்து, அவருடைய மேலாடையில் தன் உருவத்தைப் பதித்தார் என்பது நம்பிக்கை. பழங்குடித் தாய்த் தெய்வம் தொனான்ட்சினுக்கு அதே குன்றில் வழிபாடு இருந்தது என்றும், மக்கள் மாதாவை அந்தப் பெயரால் அழைக்கிறார்கள் என்றும் 16-ஆம் நூற்றாண்டிலேயே துறவி சாஹாகுன் கவலையோடு எழுதினார். இன்றைய வட்ட வடிவப் பேராலயத்தை பெத்ரோ ராமிரெஸ் வாஸ்கெஸ் வடிவமைத்தார், 1976-இல் திறந்தார்கள். படத்தின் கீழே கூட்டம் தேங்காமலிருக்க நகரும் நடைமேடை வைத்திருக்கிறார்கள். அண்மை ஆண்டுகளில் விழா நாட்களில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்ததாக நகர நிர்வாகம் கணக்குச் சொல்கிறது. முதுகில் மாதா படத்தைக் கட்டிக்கொண்டு மிதிவண்டியில் வருகிறவர்கள், ஊர் ஊராகத் தீப்பந்தத்தைக் கைமாற்றி ஓடி வருகிறவர்கள், வளாகத்துக்குள் முழந்தாளில் நகர்கிறவர்கள். 2020-இல் கொரோனாவால் டிசம்பர் 10 முதல் 13 வரை ஆலயத்தை மூடினார்கள். கிறிஸ்தேரோ ஆண்டுகளில்கூட அடைபடாத கதவு அது.

அங்கிருந்து ஜனவரி 6 வரை நாடு வேலைக்குத் திரும்புவதில்லை என்றே சொல்லலாம். டிசம்பர் 20-க்குள் குறைந்தது 15 நாள் கூலியைப் போனஸாகத் தர வேண்டும் என்பது சட்டம். அந்தப் பணம்தான் பண்டிகையை ஓட்டுகிறது. 16 முதல் 24 வரை ஒன்பது இரவுகள் பொசாதா. சூசையும் மரியாளும் தங்க இடம் கேட்ட கதையைத் தெருவில் பாடி, கதவு திறந்ததும் விருந்துண்டு, மிட்டாயும் பழமும் அடைத்த பின்யாத்தா பானையை உடைப்பார்கள். 1587-இல் அக்கோல்மன் மடத்தின் அகுஸ்தீன் சபைத் துறவி தியேகோ தே சோரியா இந்த நாட்களுக்குத் தனித் திருப்பலி நடத்தப் போப்பாண்டவரின் அனுமதி பெற்றதிலிருந்து இது வருகிறது. 1930-இல் அதிபர் ஓர்த்திஸ் ரூபியோவின் அரசு, கிறிஸ்துமஸ் தாத்தா அந்நிய இறக்குமதி என்று முடிவுசெய்து, இறகுப்பாம்புத் தெய்வமான கெட்சால்கோவாத்ல் வேடமிட்டவரைக் கொண்டு தேசிய விளையாட்டரங்கில் குழந்தைகளுக்குப் பரிசு கொடுக்க வைத்தது. மறு ஆண்டு யாரும் அதைத் தொடரவில்லை.

ஜனவரி 6 மூவரசர் நாளில் வளைய ரொட்டியை வெட்டும்போது, உள்ளே ஒளித்த குழந்தை பொம்மை யாருடைய துண்டில் வருகிறதோ அவர் பிப்ரவரி 2-இல் எல்லோருக்கும் மக்காச்சோள மாவில் அவித்த தமாலே வாங்கித் தர வேண்டும். அதே பிப்ரவரி 2-இல் தலைநகரின் தெற்கே சோச்சிமில்கோவில் நின்யோபா என்ற குழந்தை இயேசு சுரூபம் வீடு மாறும். நூற்றாண்டுகள் பழைய அந்த மரச் சுரூபம் கோயிலில் தங்குவதில்லை; ஒவ்வோர் ஆண்டும் ஒரு குடும்பத்தில் தங்குகிறது. அந்தக் குடும்பத் தலைவர் ‘மயோர்தோமோ’. வரிசை பல பத்தாண்டுகள் நீளம். பெற்றோர் பதிந்த முறை பிள்ளைகளுக்கு வருவதுண்டு. முறை வந்த குடும்பம் வீட்டைப் பெரிதாக்கிக் கட்டும். ஆண்டு முழுவதும் வருகிறவர்களுக்கெல்லாம் உணவு போடும். வருகிறவர் யார் என்று கேட்பதில்லை.

ஊர்தோறும் இருக்கும் இந்த மயோர்தோமோ முறைதான் மெக்சிகோ ஆண்டின் உண்மையான இயந்திரம். விழாச் செலவை ஏற்பவருக்கு ஊரில் மதிப்பு உயரும். மீதியைக் குடும்பம் குடும்பமாக வரி பிரிப்பார்கள். அழகான ஏற்பாடுதான், ஆனால் அதற்கு ஒரு கூர்முனையும் உண்டு. புராட்டஸ்டண்டு, நற்செய்திச் சபையினர் இன்று மக்கள்தொகையில் 11 விழுக்காட்டுக்கும் மேல். புனிதர் விழாவுக்கு வரி தருவது அவர்கள் விசுவாசத்துக்கு எதிரானது. தென் மாநிலமான சியாப்பாஸின் பழங்குடி ஊர் சான் ஹுவான் சாமுலாவில் 1970-களிலிருந்து ஆயிரக்கணக்கானோர் ஊரைவிட்டு விரட்டப்பட்டார்கள். சில ஊர்களில் வரி தராத வீட்டின் தண்ணீரையும் மின்சாரத்தையும் துண்டிப்பது இன்றும் நடக்கிறது. எந்த மதத்துக்கும் பணமோ உழைப்போ தரும்படி யாரையும் கட்டாயப்படுத்தக்கூடாது என்கிறது 1992-இன் மதச் சங்கங்கள் சட்டம். பழங்குடி ஊர்கள் தங்கள் மரபுப்படி தங்களை ஆண்டுகொள்ளலாம் என்கிறது 2001-இல் திருத்திய அரசியலமைப்பு. ஊர்க்கூட்டம் இரண்டாவதைக் காட்டுகிறது, விரட்டப்பட்டவர் முதலாவதைக் காட்டுகிறார். தண்ணீரை நிறுத்துவதை எந்த மரபாலும் நியாயப்படுத்த முடியாது என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் புனிதருக்கான வாணமும் இசைக்குழுவும் மதச் செலவா, அல்லது தெருவிளக்கைப் போல ஊர்ச் செலவா என்று அந்த ஊர்ப் பெரியவரைக் கேட்டால், கேள்வியே அவருக்குப் புரியாது. வழக்குகள் இன்னும் மாவட்ட நீதிமன்றங்களிலும் மனித உரிமை ஆணையங்களிலும் நடந்துகொண்டிருக்கின்றன.